ஆவிக்குரிய முதிர்ச்சிக்கு எந்த வழியை முதலில் எடுப்பது? வேதவாசிப்பு, வீட்டுக்கூட்டம், கன்வென்ஷன், தியானம், ஊழியம்: ஓர் ஒப்பீடு

ஜனவரி முதல் வாரத்திலும் சாம்பல் புதன் வரும்போதும் நம் சபைகளில் பலர் ஏறக்குறைய ஒரே தீர்மானங்களை எடுக்கிறார்கள். இந்த ஆண்டு வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்க வேண்டும், வெள்ளிதோறும் உபவாசம் இருக்க வேண்டும், முழு இரவு ஜெபத்துக்கு மாதம் ஒருமுறையாவது போக வேண்டும், ஞாயிறு பள்ளியில் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். இவை அனைத்தையும் ஒருவரே ஒரே வாரத்தில் தொடங்கி, ஜூனில் பள்ளிகள் திறப்பதற்குள் ஒன்றுவிடாமல் கைவிட்டுவிடுவதும் நடக்கிறது. ஆர்வம் குறைந்தது காரணமல்ல. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே வாழ்கிறவர் நேர்மையாகக் கணக்குப் பார்த்தால், நாளுக்கு அரை மணி நேரமும் வாரத்தில் ஒரு மாலையும் மிஞ்சும். அந்த அரை மணியையும் அந்த மாலையையும் எதற்குக் கொடுப்பது என்பதுதான் கேள்வி. எல்லாமே நல்லவை என்று பதில் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால், ஒன்றைத் தெரிந்தெடுக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு அந்தப் பதிலால் பயனில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாரத்தின் அந்த ஒரு மாலையை, உங்களை நன்றாக அறிந்த நாலைந்து பேர் கூடும் சிறு கூட்டத்துக்குக் கொடுங்கள். நாளின் அரை மணியை அவசரமில்லாத வேதவாசிப்புக்குக் கொடுங்கள். கன்வென்ஷன், தியானம், வேதக் கல்வி, ஊழியம் எல்லாம் இவ்விரண்டுக்கும் பின்னால் வரட்டும். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் கவலை.

முதிர்ச்சியை எதைக்கொண்டு அளப்பது?

இதில் தெளிவில்லாமல் எந்த ஒப்பீடும் நிற்காது. கொரிந்து சபையைப் பாருங்கள். முதல் நிருபத்தின் தொடக்கத்தில் பவுல் அவர்களுக்காக நன்றி செலுத்துகிறார். எல்லா உபதேசத்திலும் அறிவிலும் அவர்கள் சம்பூரணர், எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள். இன்றைக்கு அப்படி ஒரு சபை இருந்தால் பஸ் பிடித்துப் போய்ப் பார்ப்போம். ஆனால் மூன்றாம் அதிகாரத்துக்கு வரும்போது அதே மக்களைக் குழந்தைகள் என்கிறார். உங்களுக்குப் பாலைத்தான் கொடுக்க முடிந்தது, கெட்டியான ஆகாரம் கொடுக்க முடியவில்லை என்கிறார். அவர் காட்டும் அடையாளம் பொறாமை, வாக்குவாதம், பேதம். ஒருவன் பவுலின் கட்சி, ஒருவன் அப்பொல்லோவின் கட்சி. ஆறாம் அதிகாரத்தில் சகோதரன் சகோதரன்மேல் வழக்குப் போடுகிறான். பதினொன்றாம் அதிகாரத்தில் கர்த்தருடைய பந்தியிலேயே ஒருவன் பசியோடிருக்க, மற்றவன் குடித்து வெறித்திருக்கிறான்.

அறிவும் வரங்களும் நிறைந்திருந்தும் ஒரு சபை குழந்தையாகவே இருக்க முடியும் என்று அப்போஸ்தலன் தெளிவாகச் சொல்லிவிட்டார். கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்தின் ஒன்பது கனிகளையும் இதே கண்ணோடு வாசித்தால், நீடியபொறுமை, தயவு, சாந்தம் போன்றவை அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் வெளிப்படவே வாய்ப்பில்லை. பொறுமை உண்டா இல்லையா என்பது, பொறுமையைச் சோதிக்கும் ஒருவர் எதிரில் வந்தால்தான் தெரியும். 2 பேதுரு முதல் அதிகாரத்தில் விசுவாசத்தில் தொடங்கும் வரிசையும் சகோதர சிநேகத்திலும் அன்பிலும்தான் போய் முடிகிறது.

ஆகவே, ஒவ்வொரு வழியிடமும் நான் முதலில் கேட்பது, என்னைப் பற்றிய உண்மையை இது எனக்குச் சொல்லுமா என்பதையே. பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, வீட்டில் மனக்கசப்பு என்று வரும் ஒரு கெட்ட மாதத்தை இந்தப் பழக்கம் தாண்டுமா என்பது அடுத்தது.

தனி வேதவாசிப்பு

இதற்கு ஈடாக எதையும் வைக்க முடியாது. மற்ற எல்லா வழிகளுக்கும் உணவு இங்கிருந்துதான் வருகிறது. செலவில்லை, இடம் தேவையில்லை, யாருடைய அனுமதியும் வேண்டாம். இரவுப் பணி முடிந்து வரும் செவிலியரும் கடையைத் திறக்குமுன் பத்து நிமிடம் கிடைக்கும் வியாபாரியும் செய்யக்கூடியது.

சிக்கல் நாம் தேர்ந்தெடுக்கும் வேகத்தில் இருக்கிறது. புரொட்டஸ்டண்ட் சபைகள் பயன்படுத்தும் 66 ஆகமங்களில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வாசிக்க வேண்டும். (73 நூல்கள் கொண்ட கத்தோலிக்க விவிலியத்தில் இன்னும் சற்றுக் கூடுதல்.) ஆதியாகமத்தில் தொடங்கினால் ஜனவரி முடிவதற்குள் லேவியராகமத்துக்கு வந்துவிடுவோம். பலருடைய ஓராண்டுத் திட்டம் நின்றுபோகும் இடம் அதுதான். ஒரு வாரம் விட்டுப்போனால் இருபதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் பாக்கி விழும். பாக்கியைத் தீர்ப்பதற்காக வாசிப்பவர் அதிகாரங்களைத் தாண்டுகிறாரே தவிர, அதிகாரங்கள் அவருக்குள் போவதில்லை.

இந்த ஆபத்து புதிதல்ல. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரின் இளம் போதகர் ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-இல் தம் சபையாருக்கு ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்துக் கொடுத்தார். பழைய ஏற்பாடு ஆண்டுக்கு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இருமுறை. இன்றுவரை உலகெங்கும் பலர் அதைப் பின்பற்றுகிறார்கள். அட்டவணையைக் கொடுத்தபோதே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதினார்: வெறும் சடங்காகிவிடலாம், முடித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமின்றிக் கண் ஓடலாம், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகலாம். அடுத்த ஆண்டே, 29 வயதில், அவர் இறந்துபோனார். அட்டவணையைப் பரப்புகிறவர்கள் அந்த எச்சரிக்கைகளையும் சேர்த்துப் பரப்பினால் நன்றாக இருக்கும்.

நான் பரிந்துரைப்பது குறைந்த வேகம். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து அதிகாரம் வாசித்தால் 52 வாரத்தில் கச்சிதமாக முடிகிறது. சனியும் ஞாயிறும் விடுபட்டவற்றுக்கு இருக்கின்றன. அதோடு நாளுக்கு ஒரு சங்கீதம். ஓர் அதிகாரத்தை இரண்டு முறை, இரண்டாம் முறை வாய்விட்டு வாசியுங்கள். நம்முடைய பழைய தமிழ் வேதாகமத்தின் நடை காதுக்காகவே அமைந்தது போன்றது. குடும்ப ஜெபத்தில் பாட்டி வாசித்துக் கேட்டவர்களுக்கு அது தெரியும்.

இப்படி மெதுவாக வாசித்தாலும் ஒரு குறை நிற்கிறது. வசனத்தை நான் எனக்குச் சாதகமாக வாசிக்க முடியும், தடுக்க அறையில் யாரும் இல்லை. தாவீது ராஜா நியாயப்பிரமாணம் தெரியாதவன் அல்ல. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்ட பிறகும் அவனுக்கு நீதியுணர்வு கூர்மையாகவே இருந்தது. நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதையில், ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த ஐசுவரியவான் சாக வேண்டும் என்று கோபப்பட்டான். “நீயே அந்த மனுஷன்” என்று சொல்ல நாத்தான் அரண்மனைக்கு வர வேண்டியிருந்தது. வேதத்தை ஒவ்வொரு நாளும் திறக்கிறவருக்கும் ஒரு நாத்தான் தேவை. இந்த வழியில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

சிறு கூட்டம்

இந்த வழியின் வரலாறு நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 1670-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் என்ற லுத்தரன் போதகர், சபையாரில் சிலரைத் தம் வீட்டில் கூட்டி வேதத்தைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும் பேச வைத்தார். அந்த அசைவு ஹாலே நகரில் வேர்பிடித்தது. அங்கிருந்து உருவானவர்தான் 1706-இல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க். தமிழ் நாட்டின் புரொட்டஸ்டண்ட் சபை, வீட்டுக்கூட்டங்களில் வளர்ந்த பக்தியிலிருந்து பிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இங்கிலாந்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை ஓர் ஒழுங்காக்கினார். அது தொடங்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1742-இல் பிரிஸ்டல் நகரில் ஆராதனைக் கட்டடத்தின் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர். அவர் வீடுவீடாகப் போய் வசூலிக்க வேண்டும். வசூலுக்குப் போனவர்கள் வீடுகளுக்குள் உண்மை நிலையைப் பார்த்தார்கள்; நடக்க வேண்டியபடி நடக்காதவர்கள் இருப்பதைக் கண்டு வந்து சொன்னார்கள். தாம் தேடிக்கொண்டிருந்தது இதுதான் என்று வெஸ்லி உணர்ந்தார். வீடுவீடாகப் போவதற்குப் பதிலாகப் பன்னிரண்டு பேரும் வாரந்தோறும் கூடத் தொடங்கினார்கள். அதைவிடச் சிறிய குழுக்களும் அவரிடம் இருந்தன. ஆண்கள் தனி, பெண்கள் தனி. அங்கே, சென்ற கூட்டத்துக்குப் பிறகு அறிந்து செய்த பாவம் என்ன, எந்தச் சோதனை வந்தது, அதிலிருந்து எப்படித் தப்பினாய் என்ற கேள்விகளை 1738-இலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

நம்மிடமும் கூட்டங்களுக்குக் குறைவில்லை. சி.எஸ்.ஐ. சபைகளில் பகுதி ஜெபக்கூட்டம், கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம், பெந்தெகொஸ்தே சபைகளில் வீட்டுக்கூட்டம். பெயர் எதுவானாலும் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். முன்னறையில் பாய் விரித்திருக்கும், பெரியவர்களுக்கு நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. இரண்டு பாட்டு, ஒரு வேதபாடம், பிறகு ஜெபக் குறிப்புகள்: மகனுக்கு விசா, அம்மாவுக்கு மூட்டுவலி, பெண்ணுக்கு வரன், வீட்டுக் கடன். ஒவ்வொன்றுக்கும் ஜெபம், பிறகு காப்பி, பலகாரம். இவை எல்லாம் உண்மையான பாரங்கள், இவற்றுக்காக ஜெபிப்பது அன்புதான். ஆனால் அந்த அறையில் யாரும் தம்மைப் பற்றி எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். பல ஆண்டு ஒன்றாக ஜெபித்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியராகவே இருந்துவிடலாம்.

வேறுவிதமான கூட்டம் ஒன்றை நான் அறிவேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடத்துகிறார். வருவது ஆறு பேர். ஜெபக் குறிப்பு கேட்பதற்கு முன், போன வாரம் ஒவ்வொருவரும் சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்து கேட்பார். ஒருமுறை நடுத்தர வயதுக்காரர் ஒருவரிடம், “தம்பியோடு பேசுகிறேன் என்று சொன்னீர்களே அண்ணாச்சி, பேசினீர்களா?” என்று கேட்டார். பூர்வீக வீட்டின் நடுச்சுவர் பற்றிய வழக்கு. அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லை. “இல்லை” என்றார். ஆசிரியர் அறிவுரை ஏதும் சொல்லவில்லை. “சரி, அடுத்த வாரமும் கேட்பேன்” என்று மட்டும் சொன்னார். சொன்னபடியே அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். அண்ணாச்சி கடைசியில் தம்பி வீட்டுக்குப் போனது, தம்பி பேரனின் காய்ச்சலைச் சாக்காக வைத்து. வழக்கு அப்புறமும் நடந்தது. ஆனால் இருவரும் ஒரே பஸ்ஸில் நீதிமன்றம் போய் வந்தார்கள். முதிர்ச்சி நடக்கும்போது அது இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அந்த அண்ணாச்சி அதுவரை கேட்டிருந்த பிரசங்கங்களில் மன்னிப்பைப் பற்றியவை எத்தனையோ இருந்திருக்கும்.

இந்த வழியின் ஆபத்துகளும் சிறியவை அல்ல. சொன்னது வெளியே போய்விட்டால் ஒருவருடைய வாழ்க்கையே குலைந்துவிடும். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் ஊர் வம்பு பரவுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடத்துகிறவர் தம்மைக் குட்டிப் போதகராக நினைத்துக்கொண்டால், மற்றவர்களின் திருமணம், வேலை, பணம் அனைத்திலும் தலையிடத் தொடங்குவார். அப்படிப்பட்ட கூட்டத்தை விட்டு வெளியேறுவது பின்மாற்றம் அல்ல.

இன்னொரு குறையை நம் சபைகளில் யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நம் வீட்டுக்கூட்டங்களில் பலவும் ஒரே சாதிக்காரர் கூடும் கூட்டங்கள். உறவினர், ஊர்க்காரர், சம்பந்தி. அந்த அறையில் எல்லாப் பாவத்தைப் பற்றியும் பேசலாம், அந்த ஒரு பாவத்தைத் தவிர. 1833-இல் கல்கத்தாவின் பிஷப் டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மனமின்றிச் சபையை விட்டே விலகினார்கள். வேதம் தெரிந்தவர்கள், பாட்டுப் பாடியவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவர்கள். பந்தியில் யாரோடு உட்காருவது என்ற இடத்தில் நின்றுவிட்டார்கள். கொரிந்துவின் பதினொன்றாம் அதிகாரம் நம் மண்ணில் நடந்தது. ஆகவே கூட்டம் தேடும்போது, உங்கள் உறவில் இல்லாத, உங்கள் சாதியில் பிறக்காத ஒருவராவது அதில் இருக்கும்படி பாருங்கள். மற்ற எந்த விதியைவிடவும் இதை வலியுறுத்துவேன்.

கன்வென்ஷனும் உபவாசக் கூட்டமும்

1875-இல் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கெசிக் கூட்டங்கள் தொடங்கின. 1896 முதல் கேரளத்தில் பம்பை ஆற்று மணலில் மாராமண் கன்வென்ஷன் நடக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மத்தியத் திருவிதாங்கூரை அசைத்த பிரசங்கிகளில் ‘தமிழ் தாவீது’ என்று அழைக்கப்பட்ட நம் சுவிசேஷகரும் ஒருவர். நம் பக்கத்தில் லெந்து கால இரவுக் கூட்டங்கள், மே மாத முகாம்கள், இருபத்தொரு நாள் உபவாச ஜெபங்கள்.

இவை தரும் நன்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தூங்கிக்கொண்டிருப்பவரை எழுப்ப இதைவிட நல்ல வழி கிடையாது. கிராமத்துச் சிறு சபையில் முப்பது பேரோடு ஆராதிப்பவருக்கு, தாம் எவ்வளவு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று ஓர் இரவிலே புரிந்துவிடுகிறது. மிஷனரி அழைப்பு பெற்றவர்களில் எத்தனையோ பேர் இத்தகைய கூட்டத்தில்தான் எழுந்து நின்றார்கள்.

ஆனால் எழுப்புவது வேறு, வளர்ப்பது வேறு. ஏமி கார்மைக்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். கெசிக் கூட்டங்களின் சூழலில் அழைப்பைப் பெற்று, அவற்றின் ஆதரவோடு மிஷனரியாகப் புறப்பட்டவர். 1895-இல் இந்தியாவுக்கு வந்தார். 1901 முதல் டோனாவூரில் கைவிடப்பட்ட பிள்ளைகளுக்குத் தாயாக இருந்தார். 1951-இல் அங்கேயே மரித்தார். இடையில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. அழைப்பு அந்தச் சூழலில் வந்தது. அவரை அவர் ஆக்கியது ஐம்பது ஆண்டு பிள்ளைகளின் காய்ச்சலும் பாலும் படிப்பும்.

கூட்டத்தில் பத்தாயிரம் பேர் இருப்பார்கள், உங்கள் பெயர் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். கண்ணீரோடு எடுத்த தீர்மானத்தைப் பற்றித் திங்கட்கிழமை காலை கேட்க ஆள் இல்லை. சிலர் அந்தக் கண்ணீரைத் தேடியே ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் மாற்றம் எதையும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு ஒன்று போதும். போய் வந்த வாரமே, அங்கே எடுத்த தீர்மானத்தை உங்கள் சிறு கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்.

யூடியூப் பிரசங்கங்களையும் இங்கேயே வைக்கிறேன். சமையலறையிலும் பயணத்திலும் கேட்கலாம், தவறில்லை. ஆனால் நெஞ்சைக் குத்தும் பிரசங்கியை விரலால் தள்ளிவிட முடியும் என்பதால் அது யாரையும் வளர்க்கும் என்று நான் நம்பவில்லை.

மௌனமும் தியானமும்

புரொட்டஸ்டண்ட் சபைகளில் வளர்ந்தவர்கள் இதை இழந்துவிட்டோம் என்றே சொல்வேன். இயேசு சபையைத் தொடங்கிய இக்னேஷியஸ் லொயோலாவின் ஆன்மிகப் பயிற்சிகளுக்குத் திருத்தந்தை மூன்றாம் பவுல் 1548-இல் ஒப்புதல் அளித்தார். முழுமையாகச் செய்தால் ஏறக்குறைய முப்பது நாள். வேலையை விட்டு வர முடியாதவர்கள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி வீட்டிலிருந்தே செய்ய அவரே வழிவைத்திருக்கிறார். அதுவும் முடியாதவர்களுக்கு இரவில் பதினைந்து நிமிட ஆன்ம சோதனை இருக்கிறது: நன்றி, ஒளிக்காக வேண்டுதல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு, நாளைக்கான தீர்மானம். எந்தச் சபையைச் சேர்ந்தவரும் இதைச் செய்யலாம். நாள் முழுவதையும் ஓட்டிப் பார்க்கும்போது, மதியம் யாரிடம் எந்தக் குரலில் பேசினோம் என்பது தப்பாமல் எதிரில் வரும்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் மௌனத்துக்குப் போவது நல்லது. குளித்தலை அருகே 1950-இல் தொடங்கிய சாந்திவனம் போன்ற ஆசிரமங்களும் இயேசு சபையாரின் தியான இல்லங்களும் தமிழகத்தில் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: பெரிய துக்கத்திலோ மனச்சோர்விலோ இருப்பவர் வழிகாட்டி இல்லாமல் நீண்ட மௌனத்துக்குள் போகக் கூடாது. அப்போது அவருக்குத் தேவைப்படுவது பக்கத்தில் ஒருவர், தேவைப்பட்டால் ஒரு மருத்துவர்.

வேதக் கல்வி

1963-இல் குவாத்தமாலாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் செமினரி, ஊரை விட்டு வர முடியாத சபைத் தலைவர்களுக்காக, வீட்டில் படித்து வாரம் ஒருமுறை குழுவாகக் கூடும் முறையைத் தொடங்கியது. 1971 முதல் பெங்களூரை மையமாகக் கொண்டு டாஃப்டீ (TAFTEE) என்ற வேதக் கல்வி அமைப்பு இதை இந்தியாவில் நடத்துகிறது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பிரசங்க மேடை ஏறும் சபையார், வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும் என்பேன். தவறான போதனையால் காயப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆனால் முதிர்ச்சிக்கு இதுவே முதல் வழி என்று நினைத்துச் சேர வேண்டாம். அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று பவுல் எழுதியதும் அதே கொரிந்தியருக்குத்தான்.

ஊழியம்

இதில் நான் மிகவும் கவனமாக இருக்கச் சொல்வேன். ஊழியம் ஒருவரை வளர்க்கிறது. ஒளிந்துகொள்ள இடமும் கொடுக்கிறது. பாடகர் குழு, வாலிபர் சங்கம், அசனக் கமிட்டி, கட்டட நிதி என்று ஏழு நாளும் ஆலயத்தில் இருப்பவரிடம், உங்கள் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. சபைத் தேர்தல் வரும்போதுதான் தெரிகிறது, எத்தனை ஆண்டு உழைப்புக்கு அடியில் எவ்வளவு போட்டி கிடந்தது என்று.

வளர்க்கும் ஊழியத்துக்கு ஓர் அடையாளம் உண்டு: அதை யாரும் அறிவிக்க மாட்டார்கள், உதவி பெறுகிறவர் திருப்பிச் செய்ய முடியாதவராக இருப்பார். 1921-இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழரும் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். இருவரும் மருத்துவர்கள். எளிய வாழ்க்கை, பொது ஜெபம், ஏழைகளுக்கு மருத்துவம், எல்லாம் ஒரே கூரையின்கீழ். ஆளும் நாட்டில் பிறந்தவரும் ஆளப்பட்ட நாட்டில் பிறந்தவரும் சமமாக உட்கார்ந்து சாப்பிட்ட இடம் அது. ஜெபத்தையும் தொண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதற்கு, நமக்கு இவ்வளவு பக்கத்தில் வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளியின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் இருப்பது, பொறுப்பும் பட்டமும் இல்லாமல் நாம் செய்யக்கூடியது.

யாருக்கு எது முதலில்?

என் வரிசை எல்லோருக்கும் அப்படியே பொருந்தாது. கைக்குழந்தை உள்ள தாய்க்கு அரை மணி என்பதே கிடையாது. அவருக்கு ஒரு சங்கீதமும், வீட்டுக்கே வந்து பேசிப்போகும் ஒரு தோழியும் போதும். அந்த ஆண்டுகளில் எந்த அட்டவணையையும் அவர்மேல் சுமத்தக் கூடாது. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர், குறிப்பாகக் கிறிஸ்தவர் அல்லாத குடும்பத்திலிருந்து தனியாக வந்தவர், மாற்கு சுவிசேஷத்தையும் ஒரு குடும்பத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும்; அவரை உடனே மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைப்பது அவருக்குச் செய்யும் தீங்கு. சபையால் காயப்பட்டவருக்குச் சிறு கூட்டம் என்ற சொல்லே பயத்தைத் தரும். அவர் இரவு ஆன்ம சோதனையிலும் மெதுவான வாசிப்பிலும் தொடங்கி, நம்பிக்கைக்குரிய ஒருவரோடு மட்டும் மாதம் ஒருமுறை பேசட்டும். இருபது ஆண்டாக எல்லாப் பொறுப்பிலும் இருப்பவர் அவற்றில் பாதியை இந்த ஆண்டு இறக்கி வைக்க வேண்டும். அவருக்கு மூன்று நாள் மௌனத்தை முதலில் வைப்பேன்.

மற்ற எல்லோருக்கும் சிறு கூட்டமும் மெதுவான வாசிப்பும்தான். உங்கள் சபையில் அப்படிப்பட்ட கூட்டம் இல்லையென்றால், இருக்கும் ஜெபக்கூட்டத்தை மாற்ற முயல வேண்டாம். அது அதன் வேலையைச் செய்யட்டும். இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். மூவர் போதும். ஆண்கள் ஆண்களோடு, பெண்கள் பெண்களோடு தொடங்குவது நல்லது. ஒரு மணி நேரம். ஓர் அதிகாரத்தை ஒருவர் வாய்விட்டு வாசிக்கட்டும், பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தோற்ற ஓர் இடத்தையும் அடுத்த வாரம் செய்யப்போகும் ஒரு காரியத்தையும் சொல்லட்டும். கேட்கப்பட்டாலொழிய அறிவுரை இல்லை. அறையில் சொன்னது கணவனிடமோ மனைவியிடமோ போதகரிடமோகூடப் போகக் கூடாது. ஒருவருடைய உயிருக்கோ ஒரு குழந்தைக்கோ ஆபத்து இருந்தால் மட்டும் இந்த விதி பொருந்தாது. பலகாரம் வேண்டாம், வீட்டுப் பெண்கள் அடுக்களையில் மாட்டிக்கொள்வார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எத்தனை அதிகாரம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரிடமும் வேலையிடத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவரிடமும் கேளுங்கள்: என்னோடு இருப்பது முன்பைவிட எளிதாக இருக்கிறதா? அவர்கள் தயங்கினால், கூட்டத்தில் நீங்கள் இன்னும் சொல்லாமல் வைத்திருப்பது எது என்று பார்த்து, அடுத்த ஆறு மாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்.